வெளிக்கூண்டுக்கு மாற்றிய காடைக்குஞ்சுகள்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி?

புரூடரில், அதாவது பல்புச் சூடு வைத்த அடைப்பில், இருந்த மூன்று வாரமும் ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை. நன்றாகத் தின்றன, இறகு முளைத்தது, தடுப்பு அட்டையை எகிறித் தாண்ட ஆரம்பித்தன. சரி, இனி வெளியே விடலாம் என்று கொட்டகைக் கூண்டுக்கு மாற்றினீர்கள். மறுநாள் காலையில் பார்த்தால் ஒரு மூலையில் ஐந்தாறு குஞ்சு தட்டையாகக் கிடக்கிறது. காடை வளர்க்கிற யாரிடம் பேசினாலும் இந்தக் கதை ஒரு தடவையாவது வரும். உடனே எல்லோரும் ஓடுவது மருந்துக் கடைக்கு. ஆன்டிபயாடிக் வாங்கித் தண்ணீரில் கலக்குகிறார்கள். அடுத்த இரவும் நாலு சாகிறது.

வெளியே மாற்றிய முதல் பத்து நாளில் வருகிற சாவுக்கு நோய் காரணமாக இருப்பது குறைவு. குளிர், காற்று, இருட்டு, பயம், எலி இந்த ஐந்தில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். இந்த ஐந்தும் பகலில் கண்ணில் படாது. அதனால் முதல் வேலை, இரவு பத்து மணிக்கு ஒரு தடவை, விடிவதற்கு முன் ஒரு தடவை கூண்டடியில் போய் நிற்பது. டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். வெள்ளை வெளிச்சம் திடீரென்று அடித்தால் காடை மிரண்டு செங்குத்தாக மேலே எகிறும்.

என்ன பார்க்க வேண்டும்? குஞ்சுகள் எப்படிப் படுத்திருக்கின்றன என்று. நல்ல நிலையில் இருக்கிற கூட்டம் இரண்டும் மூன்றுமாக ஒட்டி, இடையிடையே வெற்றிடம் விட்டு, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு தூங்கும். சத்தமே இருக்காது, இருந்தாலும் தொண்டைக்குள் மெல்லிய கிறுகிறுப்புதான். குளிர்கிற கூட்டம் விடாமல் கீச்சுக் கீச்சென்று கத்தும், ஒன்றின் அடியில் ஒன்று தலையை நுழைக்கும். இந்த இரண்டையும் ஒரு தடவை கேட்டுவிட்டால் அப்புறம் வாசலில் நிற்கும்போதே தெரிந்துவிடும்.

அறிகுறிகளுக்குப் போகும் முன், எப்படி மாற்றினீர்கள் என்பதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் சுமார் 35 டிகிரி செல்சியஸ் சூடு வைத்து, வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வந்திருந்தால் நாலாவது வாரத் தொடக்கத்தில் 26 டிகிரிக்கு வந்திருப்பீர்கள். நம் ஊரில் சித்திரை, வைகாசியில் அது கொட்டகை வெப்பத்துக்கும் கீழே. 21 நாளில் தைரியமாக மாற்றலாம். மார்கழி, தைப் பனியில் அதே வயதில் மாற்றினால் தாங்காது, 28 நாள் வரை உள்ளேயே இருக்கட்டும். வயதைவிட முதுகைப் பாருங்கள். இறக்கைக்குக் கீழே விலாவிலும் முதுகிலும் மஞ்சள் பஞ்சு இன்னும் தெரிந்தால் அந்தக் குஞ்சு தயாராக இல்லை. மாற்றுவதற்கு முன் மூன்று நாள் பகலில் பல்பை அணைத்து, கடைசி இரண்டு இரவும் அணைத்துப் பழக்கியிருக்க வேண்டும். காலையில்தான் மாற்ற வேண்டும். சாயங்காலம் மாற்றினால் தண்ணீரும் தீவனமும் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் முன் இருட்டிவிடும்.

மூலையில் குவிந்து, காலையில் சில குஞ்சுகள் நசுங்கிக் கிடந்தால்

இது ஒரே அறிகுறிதான், ஆனால் காரணம் மூன்று. குவியல் எங்கே இருக்கிறது என்பதை வைத்துப் பிரித்துவிடலாம்.

எல்லா மூலையிலும் சின்னச் சின்னக் குவியல் என்றால் குளிர். பழைய பல்பையே மூன்று நாலு இரவுக்குத் திரும்பக் கட்டுங்கள். கூண்டின் ஒரு பாதியில் மட்டும் கட்டினால் போதும், வேண்டிய குஞ்சு அந்தப் பக்கம் போகட்டும். முழுக் கூண்டையும் சூடாக்கினால் பழகாமலே போய்விடும்.

எல்லாம் ஒரே பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் காற்று. ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது மேற்குப் பக்கமும், ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்று வரும்போது வடக்குப் பக்கமும் காலியாகக் கிடக்கும். சணல் சாக்கையோ தார்ப்பாயையோ கட்டுங்கள். ஆனால் கூரை வரை இழுத்துக் கட்டி மூடிவிடாதீர்கள். இந்தத் தப்பைத்தான் நிறையப் பேர் செய்கிறார்கள். காற்று குஞ்சின் மேல் படக்கூடாது, ஆனால் கொட்டகைக்குள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கூண்டின் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு மறைத்தால் போதும். மேலே ஒரு அடியாவது திறந்திருக்கட்டும். முழுக்க மூடிய கொட்டகையில் எச்சத்திலிருந்து வருகிற அம்மோனியா நாலே நாளில் கண்ணையும் மூச்சையும் கெடுக்கும். அப்போது இன்னொரு அறிகுறியைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டியிருக்கும்.

நேற்று வரை நன்றாகத் தூங்கியவை இன்றைக்கு மட்டும் குவிந்திருந்தால் பயம். அன்று இரவு என்ன நடந்தது என்று யோசியுங்கள். கரண்ட் போயிருக்கும், பட்டாசு வெடித்திருக்கும், பூனை கூண்டு மேல் ஏறியிருக்கும். புரூடரில் கிட்டத்தட்ட மூன்று வாரம் இரவெல்லாம் வெளிச்சத்தில் இருந்த குஞ்சுக்குக் கும்மிருட்டு இன்னும் சரியாகப் பழகியிருக்காது. முதல் வாரம் முழுக்க ஒரு ஜீரோ வாட் பல்பு எரியட்டும். கரண்ட் போனாலும் எரிகிற மாதிரி பேட்டரி விளக்காக இருந்தால் இன்னும் நல்லது.

மூன்று காரணத்துக்கும் பொதுவான வேலை ஒன்று உண்டு. கூண்டின் நாலு மூலையிலும் அட்டையை வளைத்து வைத்து மூலையே இல்லாமல் செய்துவிடுங்கள். வட்டமான சுவர் ஓரத்தில் குவிந்தால் அடியில் மாட்டிய குஞ்சு நழுவி வெளியே வந்துவிடும். மூலையில் வர வழியில்லை. நூறு கிராம்கூட இல்லாத குஞ்சு. மேலே பத்து குஞ்சு ஏறினால் கிட்டத்தட்ட ஒரு கிலோ பாரம், சில நிமிடத்தில் மூச்சு அடைத்துவிடும்.

உச்சந்தலையில் இறகு போய், தோல் கிழிந்து ரத்தம் இருந்தால்

மற்ற குஞ்சுகள் கொத்தியது என்று நினைத்து அலகை வெட்டப் போகிறார்கள். பொறுங்கள். கொத்தினால் காயம் முதுகில், வாலடியில், கண்ணோரத்தில் இருக்கும். நட்டநடு உச்சியில் மட்டும் இருந்தால் அது கூரையில் மோதிய காயம்.

காடை மிரண்டால் ஓடாது, நேர் மேலே பாயும். கூண்டு உயரம் 2 அடி, 3 அடி என்று இருந்தால் கம்பியில் போய் மோதும்போது முழு வேகத்தில் இருக்கும். மண்டை உடைந்து செத்தவற்றைப் பார்த்திருக்கிறேன். அதனால் கூண்டின் உள் உயரம் ஒரு அடிக்குள் இருக்கட்டும், எகிற வேகமே கிடைக்காது. இல்லையென்றால் ஆள் நின்று நடக்கிற உயரம், 6 அடிக்கு மேல், கூரைக்குக் கீழே தொய்வாக ஒரு நைலான் வலை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற உயரம்தான் ஆபத்து. ஏற்கெனவே செய்துவிட்ட கூண்டாக இருந்தால், உள்பக்கக் கூரையில் சாக்கைத் தொட்டில் மாதிரி தொங்கவிட்டுக் கட்டிவிடுங்கள்.

அடிபட்ட குஞ்சை உடனே தனியாக எடுங்கள். சிவப்பைக் கண்டால் மற்றவை சும்மா விடாது. காயத்தைக் கழுவி, மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசினால் ஈயும் மொய்க்காது. தோல் மூடும்வரை திரும்ப விடாதீர்கள்.

தீவனம் அப்படியே இருந்தால்

பயந்து சாப்பிடவில்லை என்று இரண்டு நாள் காத்திருக்காதீர்கள். காடைக்கு அவ்வளவு சேமிப்பு உடம்பில் கிடையாது. முதலில் தண்ணீரைப் பாருங்கள். தண்ணீர் குடிக்காத குஞ்சு தீவனத்தைத் தொடாது. புரூடரில் மூடித் தண்ணி டப்பாவில் குடித்துப் பழகியது, வெளியே போனதும் நிப்பிளில் (கொத்தினால் சொட்டுகிற குழாய் முனையில்) குடிக்க வேண்டும் என்றால் அதற்கு எப்படித் தெரியும்? பழைய டப்பாவையே ஒரு வாரம் கூடவே வையுங்கள். நிப்பிளைப் பழகியதும் எடுத்துவிடலாம். தீவனத் தட்டும் அப்படித்தான். தீவனத்தையும் இதே வாரத்தில் மாற்றாதீர்கள். குஞ்சுத் தீவனமான ஸ்டார்ட்டரையே தொடர்ந்து கொடுத்துவிட்டு, பத்து நாள் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்பருவத்துக்கான குரோவர் தீவனத்தைக் கலந்துகொண்டு வாருங்கள்.

தின்றதா இல்லையா என்பதை இருட்டும் நேரத்தில் நாலைந்து குஞ்சைப் பிடித்து இரைப்பையைத் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கழுத்துக்கும் நெஞ்சுக்கும் இடையில், வலது பக்கமாக, மெத்தென்று ஒரு சின்ன உருண்டை தட்டுப்பட வேண்டும். தட்டையாக இருந்தால் அந்தக் குஞ்சு இரவைப் பட்டினியோடு கழிக்கப் போகிறது. பட்டினியாக இருக்கிற குஞ்சுக்குக் குளிர் இரண்டு மடங்கு.

இன்னொன்று, வெளியே வந்த தீவனம் ஈரம் இழுக்கும். மழைச்சாரல் பட்டுக் கட்டிபிடித்த தீவனத்தைக் காயவைத்துப் போடலாம் என்று நினைக்கவே கூடாது. பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியும் முன்பே நஞ்சு ஏறியிருக்கும். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள்.

வாயைப் பிளந்து, இறக்கையை விரித்து மூச்சு வாங்கினால்

பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் தகரக் கொட்டகையில் இது நடக்கும். சூடு தாங்கவில்லை, அவ்வளவுதான். தகரத்தின் மேல் தென்னங்கீற்றுப் போட்டு, வெயில் வருகிற பக்கம் ஈரச்சாக்கைத் தொங்கவிடுங்கள். தண்ணீர்த் தொட்டி நிழலில் இருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். குழாயில் வருகிற தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தால் குஞ்சு குடிக்காது. உச்சிவெயிலில் தீவனம் வைக்காமல் காலை, மாலையில் வைத்தால் உடம்புச் சூடு குறையும். குஞ்சின் மேல் தண்ணீரைத் தெளிக்காதீர்கள், இளம் இறகு நனைந்தால் இரவில் விறைத்துப்போகும்.

காலையிலும் இரவிலும், குளிர்ச்சியான நேரத்திலும் வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் அது வேறு. மூக்கொழுகல், கண் வீக்கம், கரகரப்பான சத்தம் ஏதாவது கூட இருந்தால் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டிய கேஸ்.

எச்சம் மாறினால்

மாற்றிய முதல் இரண்டு நாள் எச்சம் கொஞ்சம் தண்ணியாக இருப்பது சகஜம். அதோடு, காடை இடையிடையே பிசுபிசுப்பாக, காபிப்பொடி நிறத்தில், நுரையாக ஒரு எச்சம் போடும். அது பெருங்குடல் பைகளிலிருந்து வருகிற சாதாரண எச்சம்தான். புரூடரில் உமியில் கலந்து தெரியாமல் போனது, கூண்டுக்குக் கீழே தட்டில் தனியாக விழும்போது கண்ணில் படுகிறது. அப்புறம் ஆறாவது வாரம் வாக்கில் தட்டில் வெள்ளை நுரை உருண்டைகள் தெரியும். அது பருவத்துக்கு வந்த சேவலின் சுரப்பி நுரை. இது இரண்டுக்கும் மருந்து வாங்கிப் பணத்தைக் கரைத்தவர்கள் நிறைய.

பயப்பட வேண்டியவை இரண்டு. எச்சத்தில் ரத்தம் வந்து, குஞ்சு இறகைச் சிலிர்த்துக் கூனி உட்கார்ந்தால் ரத்தக்கழிச்சல் என்று சந்தேகப்படுங்கள். ஈரமான கூளத்தில் விட்ட குஞ்சுகளுக்கு இது சீக்கிரம் வரும். அடுத்தது, வெள்ளையாகத் தண்ணீர்க் கழிச்சல், கூடவே திடீர்ச் சாவு. குடல்புண் நோய் என்று ஒன்று காடையை மட்டும் குறிவைத்தது போல வரும், ஒரு கூண்டில் வந்தால் தீயாகப் பரவும். இந்த இரண்டிலும் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கழிக்காதீர்கள். ஈரக்கூளத்தை அன்றே அள்ளுங்கள், நோயுள்ளதைப் பிரியுங்கள், மருத்துவர் சொல்கிற மருந்தை அவர் சொல்கிற அளவில் கொடுங்கள்.

ஒன்றையொன்று கொத்தினால்

நெருக்கடி, அதிக வெளிச்சம், புரதக் குறைவு. முதல் இரண்டு வாரம் 3 அடிக்கு 2½ அடிக் கூண்டில் 100 குஞ்சு விட்டிருப்பீர்கள். மூன்றாவது வாரத்துக்கு மேல் 4 அடிக்கு 2½ அடிக் கூண்டில் 50தான். எண்ணிப் பார்க்காமல் அப்படியே கொட்டிவிட்டால் கொத்தத்தான் செய்யும். கூண்டில் நேர்வெயில் விழுந்தால் சாக்குப் போட்டு மங்கலாக்குங்கள். தட்டில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து வைத்தால் அதில் புரண்டு குளிக்கும், சண்டை கணிசமாகக் குறையும். அதில் அவை கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து இறக்கையால் மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொள்வதைப் பார்த்தாலே, புது இடம் அவற்றுக்குப் பிடித்துவிட்டது என்று நமக்கு நிம்மதி வரும்.

ஐந்து வாரத்துக்கு மேல் கொத்து என்றால் சேவல்கள்தான். மூன்று வாரத்திலேயே நெஞ்சு இறகைப் பார்த்துப் பிரிக்கலாம்: செம்பழுப்பாக ஒரே நிறமாக இருந்தால் ஆண், வெளிறிய நெஞ்சில் கரும்புள்ளி தெளித்திருந்தால் பெட்டை. எப்படியும் எல்லாவற்றையும் கையில் பிடித்துத்தானே மாற்றுகிறீர்கள், அப்போதே பிரித்துவிட்டால் இன்னொரு தடவை பிடித்து மிரட்ட வேண்டியதில்லை.

கால் நொண்டினால்

கூண்டின் தரைக்கம்பியைப் பாருங்கள். உமியிலோ கால் இஞ்ச் வலைக்கண்ணிலோ நடந்த குஞ்சு திடீரென்று அரை இஞ்ச் வலைக்கண்ணில் நடக்கும்போது விரல் உள்ளே போய் முறுக்கிக்கொள்ளும். முதல் நாலு நாள் தரையில் பாதி இடத்துக்குச் சாக்கோ பிளாஸ்டிக் வலையோ விரித்துவிடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், வழுக்கிக் காலை அகட்டிவிடும். விரல் நுனியில் எச்சம் உருண்டையாகக் காய்ந்திருந்தால் பிய்க்காதீர்கள், நகத்தோடு வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்து எடுங்கள்.

எண்ணிக்கை குறைந்தால், அல்லது கால் இல்லாத குஞ்சு இருந்தால்

இதைப் பற்றி எழுதக் கை வரமாட்டேன் என்கிறது, ஆனால் எழுதியாக வேண்டும். என் இரண்டாவது பேட்சை ஒரு இஞ்ச் கண் வலை அடித்த கூண்டில் விட்டேன். கோழிக்குப் போதுமே, இதற்குப் போதாதா என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலையில் எல்லாம் ஓடியாடிக்கொண்டிருக்க, ஒன்று மட்டும் ஓரத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தது. கண் பளிச்சென்று இருந்தது. கையில் எடுத்தபோதுதான் தெரிந்தது, ஒரு காலே இல்லை. எலி கீழிருந்து வலை வழியாகக் காலைப் பிடித்து இழுத்துத் தின்றிருக்கிறது. அது கத்தியிருக்கும், எனக்குக் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் இரவில் கூண்டடிக்குப் போய் நிற்கிற பழக்கத்தை ஆரம்பித்தேன்.

எந்தப் பக்கமும் அரை இஞ்சுக்கு மேல் கண் வேண்டாம். வெல்டு வைத்த கம்பி வலையாக இருக்கட்டும். அறுகோணக் கோழிவலையைப் பெருச்சாளி பல்லால் விலக்கிவிடும், நாய் கிழித்துவிடும். கதவு இடுக்கு, தண்ணிக் குழாய் நுழைகிற ஓட்டை எல்லாவற்றிலும் உங்கள் சுண்டுவிரல் நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் சுண்டெலியும் நுழையும்.

தடயத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம். தலை மட்டும் இல்லாமல், உடம்பு வலையோரம் கிடந்தால் பூனையோ மரநாயோ வெளியிலிருந்து பிடித்து இழுத்திருக்கிறது. கூண்டை இரட்டை வலையாக, நடுவில் நாலு விரல் இடைவெளி விட்டு அடித்தால் எட்டாது. தடயமே இல்லாமல் இரண்டு மூன்று குறைந்தால் பாம்பு. சில சமயம் விழுங்கிய வயிற்றோடு வெளியே போக முடியாமல் உள்ளேயே சுருண்டு கிடக்கும், அதனால் கையை விடும் முன் மூலை முடுக்கெல்லாம் பாருங்கள். அடிக்கப் போகாதீர்கள், தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னால் வந்து பிடித்துப் போவார்கள்.

எறும்பை யாரும் கணக்கில் வைப்பதில்லை. சோர்ந்து படுத்த குஞ்சின் கண்ணையும் வாலடியையும் சிவப்பெறும்பு ஒரே இரவில் அரித்துவிடும். கூண்டின் நாலு காலையும் கிண்ணத்தில் நிறுத்தி, பழைய என்ஜின் ஆயில் ஊற்றுங்கள். தண்ணீர் ஊற்றினால் வெயிலில் வற்றும், கொசுவும் வரும். கொசு வந்தால் அம்மை வரும். சிந்திய தீவனத்தைத் தினமும் சாயங்காலம் கூட்டிவிட்டால் எறும்பு, எலி, எலியைத் தேடி வருகிற பாம்பு மூன்றும் குறையும்.

எதிலும் அடங்காமல் சாவு தொடர்ந்தால்

சூடு, காற்று, வெளிச்சம், வலை எல்லாம் சரிசெய்த பிறகும் மூன்றாவது நாளாகச் சாவு நிற்கவில்லை என்றால், செத்த குஞ்சைப் புதைக்காதீர்கள். காலையில் செத்ததை அன்று காலையிலேயே பாலித்தீன் பையில் போட்டு, ஐஸ் கட்டிக்கு நடுவில் வைத்து, மாவட்டத்தில் இருக்கிற கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கோ கால்நடைப் பல்கலைக்கழக மையத்துக்கோ கொண்டுபோங்கள். ஃப்ரீசரில் உறையவைக்கக் கூடாது, உறைந்த உடம்பில் குடல் மாற்றங்கள் தெரியாது. மதியம் வரை வெயிலில் கிடந்த குஞ்சும் அழுகிவிட்டதால் பயன்படாது. முடிந்தால் சாகும் நிலையில் இருக்கிற ஒன்றையும் உயிரோடு எடுத்துப் போங்கள். கூடவே ஒரு துண்டுச்சீட்டில் குஞ்சு பொரித்த தேதி, வெளியே மாற்றிய தேதி, மொத்தம் எத்தனை, தினம் எத்தனை செத்தது, என்ன தீவனம், ஏற்கெனவே என்ன மருந்து கலந்தீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் முதலில் கேட்பது இந்த ஆறு கேள்வியைத்தான்.